சென்னை–பெங்களூரு ஃப்ளைட் ஒரு மணி நேரம்தானா? தூரம், நேரம், உங்க பாக்கெட்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. பெங்களூரு எம்.ஜி. ரோடு பக்கத்துல ஒரு கிளையண்ட் ஆபீஸ், காலை 11 மணிக்கு மீட்டிங். நான் 7:15 ஃப்ளைட் போட்டிருந்தேன். டிக்கெட்டில் 8:20க்கு இறங்கும் என்று இருந்தது. என் ஜூனியர் ஒருத்தர், "சார், நான் வந்தே பாரத்ல வந்துடறேன்" என்றார். மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். நாலரை மணி நேரம் ரயில்ல உட்கார்ந்து வரப் போறாரு, நான் ஒரு மணி நேரத்துல போயிடுவேன்.

ஃப்ளைட் மேல குறை சொல்ல ஒண்ணுமே இல்லை. சரியா 8:20க்கு இறங்குச்சு. அப்புறம் பஸ், பெல்ட்டுல பெட்டிக்குக் காத்திருப்பு, கேப் வரிசை. கார் ஏறும்போது மணி 9:05. ஹெப்பால் மேம்பாலத்துல மழை, பீக் ஹவர். நான் ஆபீஸ் படி ஏறினது 11:10க்கு. சென்னை சென்ட்ரல்ல 5:50க்குக் கிளம்பின ஜூனியர் 10:40க்கே வந்து, காபி குடிச்சிட்டு, வழியில் முடிச்ச ஒர்க்கிங் ஷீட்டை எனக்கு மெயிலும் அனுப்பியிருந்தார். செலவிலும் எனக்கு அவரைவிட மூணு மடங்குக்கு மேல.

சம்பளக்காரங்க பலபேர் மாசத்துக்கு ஒரு தடவையாவது ஊருக்கோ, ஆபீஸ் வேலைக்கோ, நண்பர் கல்யாணத்துக்கோ பறக்கிறோம். டிக்கெட் போடும்போது நாம பார்க்கிறது ரெண்டே எண்: விலை, பறக்கும் நேரம். இந்த ரெண்டாவது எண்ணை நாம புரிஞ்சுக்கிற விதமே தப்பு. அதை இன்னைக்குக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாம். கடைசியில வரி சமாச்சாரமும் இருக்கு, ஏன்னா எல்டிஏ விதியில "மிகக் குறுகிய வழி" என்று ஒரு சொல் இருக்கு. அது நிறைய பேரைக் கவிழ்த்திருக்கு.

தூரம் ஒண்ணு, நேரம் வேற

சென்னை விமான நிலையத்துக்கும் பெங்களூரு கெம்பேகௌடா விமான நிலையத்துக்கும் நடுவே நேர்கோட்டுத் தூரம் சுமார் 268 கிலோமீட்டர். நேர்கோடு என்று சொன்னாலும் பூமி உருண்டை என்பதால் அது ஒரு வளைவுதான். உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவே நூலை இழுத்துப் பிடிச்சா எந்த வழியா போகுமோ, அதுதான் இருக்கிறதிலேயே குறுகிய வழி. சென்னை–டெல்லி அதே கணக்குல சுமார் 1,760 கிலோமீட்டர்.

அதாவது டெல்லி, பெங்களூருவை விட ஆறரை மடங்கு தூரம். நேரமும் ஆறரை மடங்கு ஆகணும் இல்லையா? ஆகாது. பெங்களூருக்கு டிக்கெட்டில் ஒரு மணி நேரம், ஒரு மணி பத்து நிமிஷம் என்று போட்டிருப்பாங்க. டெல்லிக்கு ரெண்டே முக்கால், மூணு மணி நேரத்துக்குள்ள. ரெண்டரை மடங்குதான் ஆகுது.

காரணம் எளிமையானது. டிக்கெட்டில் இருப்பது வானத்துல பறக்கும் நேரம் கிடையாது. விமானம் நிறுத்தின இடத்திலிருந்து நகர ஆரம்பிக்கிற நொடியில தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்துல நின்னு சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற வரைக்கும் உள்ள மொத்த நேரம். இதை பிளாக் டைம் என்று சொல்வாங்க. ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, வரிசையில நிக்கிறது, மேலே ஏறுறது, இறங்கறதுக்கு முன்னாடி வேகத்தைக் குறைச்சு சுத்தி வர்றது, எல்லாமே இதுக்குள்ள அடங்கும். பெங்களூரு போனாலும் டெல்லி போனாலும் இந்த வேலைகள் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆட்டோவுல மினிமம் சார்ஜ் மாதிரி வச்சுக்கோங்க.

நான் வச்சிருக்கிற குத்துமதிப்புக் கணக்கு இது: தூரத்தை 800ஆல வகுங்க, வர்ற மணி நேரத்தோட 35 நிமிஷம் கூட்டுங்க. பெங்களூருக்கு 20 நிமிஷம் கூட்டல் 35, ஆக 55 நிமிஷம். டெல்லிக்கு 2 மணி 12 நிமிஷம் கூட்டல் 35, ஆக 2 மணி 47 நிமிஷம். சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், 4 மணி 12 நிமிஷம் வருது. டிக்கெட்டோட ஒப்பிட்டுப் பாருங்க, பெரும்பாலும் பக்கத்துல வரும். விமான நிறுவனங்கள் லேட் ஆகாம இருக்கறதுக்காக மேலே சில நிமிஷம் சேர்த்தே போடுவாங்க. 15 நிமிஷத்துக்குள்ள வந்துட்டா நேரத்துக்கு வந்ததாகத்தான் கணக்கு. "20 நிமிஷம் முன்னாடியே இறங்கிட்டோம்" என்று சில சமயம் பைலட் அறிவிக்கிறது இதனாலதான்.

இந்தக் குத்துமதிப்பு ஜெட் விமானத்துக்கு மட்டும். சென்னை–ஹைதராபாத் சுமார் 505 கிலோமீட்டர், சென்னை–தூத்துக்குடி சுமார் 525. கிட்டத்தட்ட ஒரே தூரம். ஹைதராபாத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம் போதும். தூத்துக்குடிக்கு ஏடிஆர் விமானம் போட்டா ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அது இறக்கையில காத்தாடி வச்ச விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் பக்கம்தான் வேகம். டிக்கெட்டில் விமான வகை சின்ன எழுத்துல இருக்கும், யாரும் பார்க்க மாட்டோம்.

காத்துக்கும் பங்கு உண்டு. குளிர்காலத்துல வட இந்தியாவுக்கு மேலே உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கா பலமான காத்து ஓடும். மும்பையிலிருந்து கொல்கத்தா போறதைவிட, கொல்கத்தாவிலிருந்து மும்பை வர்றதுக்கு நேரம் அதிகம் போட்டிருப்பாங்க. அதே தூரம், அதே விமானம். தரையில ஓடற காத்தும் கணக்குல வரும்: விமானம் எப்பவும் காத்தை எதிர்த்துத்தான் கிளம்பும். சென்னையின் பெரிய ரன்வே ஏறக்குறைய கிழக்கு மேற்கா இருக்கு. காத்து கிழக்கிலிருந்து அடிக்கிற நாள்ல, மேற்கே இருக்கிற பெங்களூருக்குப் போற விமானம் முதல்ல கடல் பக்கமா கிளம்பி, அப்புறம் திரும்பும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து "இவன் ஏன் அந்தமானுக்குப் போறான்" என்று ஒரு தடவை நானே யோசிச்சிருக்கேன்.

வாசலிலிருந்து வாசலுக்கு

சரி, பிளாக் டைம் புரிஞ்சுது. ஆனா பணக் கணக்கு போடுறதுக்கு அதுவும் உதவாது. நமக்கு வேண்டியது வீட்டு வாசலிலிருந்து போற இடத்து வாசல் வரைக்கும் ஆகிற நேரம்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். கையில வர்ற சம்பளம் 60,000 ரூபாய். மாசம் 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம் வேலை. 198 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 303 ரூபாய். வீடு வேளச்சேரி, போக வேண்டிய இடம் கோரமங்களா. கட்டணங்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க எண்களைப் போட்டுக்கோங்க.

ஃப்ளைட்: வீட்டிலிருந்து மீனம்பாக்கம் 40 நிமிஷம். ஒன்றரை மணி நேரம் முன்னாடி போய்ச் சேரணும், ஏன்னா உள்நாட்டு விமானத்துக்கு செக்–இன் கவுண்டரைப் பொதுவா ஒரு மணி நேரம் முன்னாடி மூடிடுவாங்க, கேட்டை 25 நிமிஷம் முன்னாடி. விமானம் 1 மணி 5 நிமிஷம். இறங்கிப் பெட்டி எடுக்க 25 நிமிஷம். தேவனஹள்ளியிலிருந்து கோரமங்களா ஒன்றரை மணி நேரம். மொத்தம் 5 மணி 10 நிமிஷம். செலவு: டிக்கெட் 3,200, சென்னை கேப் 400, பெங்களூரு கேப் 1,200. மொத்தம் 4,800 ரூபாய்.

ரயில்: சென்ட்ரல் போக ஒரு மணி நேரம், 20 நிமிஷம் காத்திருப்பு, வந்தே பாரத் 4 மணி 25 நிமிஷம், அங்கிருந்து கோரமங்களா 45 நிமிஷம். மொத்தம் ஆறரை மணி நேரம். செலவு: சேர் கார் 1,050, கேப் 450, ஆட்டோ 300. மொத்தம் 1,800 ரூபாய்.

ஃப்ளைட்ல மிச்சமாகிறது 1 மணி 20 நிமிஷம். கூடுதல் செலவு 3,000 ரூபாய். அதாவது மிச்சப்படுத்தின ஒவ்வொரு மணி நேரத்தையும் 2,250 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கோம். நம்ம மணி நேரம் விற்கிற விலை 303 ரூபாய்.

"நான் ஏர்போர்ட்டிலிருந்து வாயு வஜ்ரா பஸ்ல போயிடுவேன் சார், 900 ரூபாய் மிச்சம்" என்று நீங்க சொல்லலாம். நல்ல விஷயம். ஆனா அதுல அரை மணி நேரம் கூடினா, ரயிலுக்கும் ஃப்ளைட்டுக்கும் வித்தியாசம் 50 நிமிஷம்தான். கூடுதல் செலவு 2,100. ஒரு மணி நேரத்துக்கு 2,520 ரூபாய்! செலவு குறைஞ்சும் மணி நேரத்தின் விலை ஏறிடுச்சு.

இப்போ போற இடத்தை மட்டும் மாத்துவோம். கோரமங்களாவுக்குப் பதிலா எலஹங்கா. விமான நிலையத்திலிருந்து அரை மணி நேரம், கேப் 500. ஃப்ளைட் மொத்தம் 4 மணி 10 நிமிஷம், 4,100 ரூபாய். ரயில்ல வந்தா ஸ்டேஷனிலிருந்து எலஹங்கா ஒரு மணி நேரம், 500 ரூபாய். மொத்தம் 6 மணி 45 நிமிஷம், 2,000 ரூபாய். வித்தியாசம் 2 மணி 35 நிமிஷம், 2,100 ரூபாய். ஒரு மணி நேரம் சுமார் 813 ரூபாய். கோரமங்களாவில் 2,250, எலஹங்காவில் 813. சென்னை–பெங்களூரு ஃப்ளைட் லாபமா நஷ்டமா என்று பொதுவா கேட்டா பதில் கிடையாது. பெங்களூருல எந்த ஏரியா என்று கேட்டாத்தான் பதில் உண்டு.

டெல்லிக்கு இதே கணக்கு போட்டா கதை தலைகீழ். ஃப்ளைட் 6,500, ரெண்டு பக்கமும் கேப் சேர்த்து 7,500. வாசலிலிருந்து வாசலுக்கு ஆறரை மணி நேரம். ரயில்ல தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சுமார் 33 மணி நேரம், முன்னும் பின்னும் சேர்த்து 35. மூன்றாம் ஏசி, சாப்பாடு, ஆட்டோ எல்லாம் 3,750 என்று வச்சுக்கலாம். மிச்சமாகிறது இருபத்தெட்டரை மணி நேரம், கூடுதல் செலவு 3,750. மணிக்கு சுமார் 132 ரூபாய். 303க்குக் கீழே. யோசிக்காம பறக்கலாம்.

இந்த அளவுகோலை ரெண்டு இடத்துல கவனமா பயன்படுத்தணும். முதல்ல, அந்த 303 ரூபாய் யாரும் உங்க கையில தரப் போறது இல்லை. சம்பளக்காரருக்கு ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் மிச்சமானா அக்கவுண்ட்டுல ஒரு பைசா ஏறாது. அது ஒரு ஒப்பீடு மட்டும். உண்மையான பணம் எங்க இருக்குன்னா, லீவுல. ரயில்ல டெல்லி போய் வந்தா வழியிலயே மூணு நாள் போயிடும். வருஷத்துக்கு 15 லீவு இருக்கிறவருக்கு அதுல அஞ்சுல ஒரு பங்கு.

ரெண்டாவது, எல்லா மணி நேரமும் ஒரே மாதிரி இல்லை. சென்னை–மதுரை நேர்கோட்டுல சுமார் 416 கிலோமீட்டர், ஃப்ளைட் ஒண்ணேகால் மணி நேரம். பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய எட்டு மணி நேரம். ஆனா அந்த எட்டு மணி நேரமும் ராத்திரி, எப்படியும் தூங்கப் போறீங்க. தூங்குற நேரத்தைக் கழிச்சுட்டா ரயில் பயணமே ரெண்டு மணி நேரம்தான். ஃப்ளைட்டோட ஐந்து மணி நேரமோ ஒன்றரை மணி, அரை மணி என்று துண்டு துண்டா இருக்கு, ஒரு துண்டுலயும் உருப்படியா ஒரு வேலை செய்ய முடியாது. என் ஜூனியர் ஜெயிச்சது வேகத்துல இல்லை, தொடர்ச்சியா கிடைச்ச நாலு மணி நேரத்துல.

இதையே திருப்பிப் போட்டா வேற ஒரு பயன் இருக்கு. டெல்லிக்கு நேரடி ஃப்ளைட் 6,500, மும்பை வழியா மாறிப் போனா 5,300, ஆனா நாலு மணி நேரம் கூடுதல். 1,200 ரூபாய்க்கு நாலு மணி நேரத்தை விற்கிறோம், மணிக்கு 300. நம்ம உதாரணத்துக்காரருக்கு ஏறக்குறைய சமம். ஆனா அந்த ரெண்டு ஃப்ளைட்டும் தனித்தனி பிஎன்ஆர்ல போட்டிருந்தா, முதல் ஃப்ளைட் லேட் ஆகி ரெண்டாவதை விட்டுட்டா நஷ்டம் முழுக்க உங்களுடையது. அந்த ரிஸ்க்குக்கு 1,200 ரூபாய் பத்தாது என்பது என் கருத்து.

அரசாங்கமும் இதே ரெண்டு அளவுகோலைத்தான் வச்சிருக்கு

சுவாரஸ்யமான விஷயம், விமானக் கட்டணத்துக்கு மத்திய அரசு வரம்பு போட்டப்போ ஒரு தடவை நேரத்தை வச்சுப் போட்டாங்க, ஒரு தடவை தூரத்தை வச்சு. 2020 மே மாசம், லாக்டவுனுக்கு அப்புறம் விமானங்கள் மறுபடி பறக்க ஆரம்பிச்சப்போ, பறக்கும் நேரத்தின்படி ஏழு பிரிவு. 40 நிமிஷத்துக்குள்ள என்றால் 2,000 முதல் 6,000 ரூபாய். 180 முதல் 210 நிமிஷம் என்றால் 6,500 முதல் 18,600 ரூபாய். அந்த வரம்பு 2022 ஆகஸ்ட் கடைசியில போச்சு. 2025 டிசம்பர்ல ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி டிக்கெட் விலை எகிறினப்போ, தற்காலிகமா தூரத்தின்படி உச்சவரம்பு: 500 கிலோமீட்டர் வரை 7,500, 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதுக்கு மேல 18,000. வரியும் விமான நிலையக் கட்டணமும் தனி. சென்னை–மதுரை முதல் படியில, சென்னை–டெல்லி கடைசிப் படியில.

நம்ம பாக்கெட்டை நேரடியா தொடுறது பிளாக் டைம்தான். விமான நிறுவனம் போதுமான முன்னறிவிப்பு இல்லாம ஃப்ளைட்டை ரத்து பண்ணா, டிஜிசிஏ விதிப்படி நஷ்டஈடு உண்டு. பிளாக் டைம் ஒரு மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய், ஒண்ணு முதல் ரெண்டு மணி நேரம் என்றால் 7,500, ரெண்டுக்கு மேல 10,000. ஆனா இந்தத் தொகை, இல்லைன்னா உங்க ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்தது, இதுல எது குறைவோ அது. 2,600 ரூபாய் அடிப்படைக் கட்டணத்துல பெங்களூரு டிக்கெட் போட்டவருக்கு 2,600தான் வரும், 7,500 வராது. இது டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர்றது, இல்லைன்னா வேற ஃப்ளைட் தர்றதுக்கு மேல கூடுதலா கிடைக்கிற தொகை. மோசமான வானிலை, பந்த் மாதிரி நிறுவனத்தோட கையில இல்லாத காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது.

தாமதத்துக்கும் பிளாக் டைம்தான் கணக்கு. ரெண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட ஃப்ளைட் ரெண்டு மணி நேரம் லேட் ஆனா சாப்பாடு கொடுக்கணும். ரெண்டரை முதல் அஞ்சு மணி நேர ஃப்ளைட்டுக்கு மூணு மணி நேரம் லேட் ஆகணும். அதனால பெங்களூரு பயணிக்கு ரெண்டு மணி நேரத் தாமதத்துல சாண்ட்விச் கிடைக்கும், பக்கத்து கேட்ல உட்கார்ந்திருக்கிற டெல்லி பயணிக்குக் கிடைக்காது. கேட்டாத்தான் கொடுப்பாங்க என்பது வேற விஷயம். இந்த விதிகள் அப்பப்போ திருத்தப்படும், கிளெய்ம் பண்றதுக்கு முன்னாடி அன்றைய பதிப்பைப் பாருங்க.

ஒரு விஷயம் மட்டும் மறக்காதீங்க: தொடர்பு எண் சரியா கொடுக்காத பயணிக்கு நஷ்டஈடு கிடையாது. ஏஜெண்ட் மூலமா போடும்போது அவர் தன் நம்பரைப் போட்டுடுவார். ரத்து மெசேஜ் அவருக்குத்தான் போகும்.

ஃப்ளைட்டையே விட்டுட்டீங்கன்னா? "நான்–ரிஃபண்டபிள்" என்று போட்டிருந்தாலும் சட்டப்படியான வரியும் விமான நிலையப் பயனர் கட்டணமும் திருப்பித் தரணும். சில நூறு ரூபாயாவது தேறும். தானா வரலைன்னா கேட்டு வாங்குங்க.

எல்டிஏவும் குறுகிய வழியும்

இது என் ஏரியா. முதல்லயே சொல்லிடறேன்: புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு எல்டிஏ விலக்கு கிடையாது. பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவங்களுக்கு மட்டும்தான் இந்தப் பகுதி. நான் சொல்ற எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்துடையவை. 2026 ஏப்ரல் 1லிருந்து 2025ஆம் வருஷச் சட்டம் வருது, அதுல பிரிவு எண்கள் மாறும்.

பிரிவு 10(5), விதி 2பி. நாலு காலண்டர் வருஷம் ஒரு பிளாக், அதுல ரெண்டு பயணம். 2022 முதல் 2025 ஒரு பிளாக், 2026 முதல் 2029 அடுத்தது. முந்தின பிளாக்ல விட்ட ஒரு பயணத்தை அடுத்த பிளாக்கோட முதல் வருஷத்துல எடுத்துக்கலாம். லீவு போட்டிருக்கணும், நீங்களும் போயிருக்கணும். விலக்கு போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும். ஹோட்டல், சாப்பாடு, அங்க சுத்திப் பார்த்த டாக்ஸி எதுவும் வராது.

விமானத்துல போனா உச்சவரம்பு: தேசிய விமான நிறுவனத்தின் எகானமி கட்டணம், போற இடத்துக்கு மிகக் குறுகிய வழியில. 2022 ஜனவரியில ஏர் இந்தியா டாடா கைக்குப் போன பிறகும் அந்தச் சொல் விதியில அப்படியே இருந்தது, அது ஒரு வேடிக்கை. நமக்கு முக்கியம் ரெண்டாவது பாதி.

நீங்க சென்னையிலிருந்து மும்பை போய் ரெண்டு நாள் நண்பர் வீட்டுல தங்கிட்டு, அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து சென்னை என்று சுத்தி வந்தீங்கன்னு வச்சுக்கோங்க. சென்னை–மும்பை சுமார் 1,035, மும்பை–டெல்லி சுமார் 1,140, ஆக போகும்போது மட்டும் 2,175 கிலோமீட்டர். நேர் வழி 1,760தான். விலக்கு, அதிகத் தூரத்துல இருக்கிற டெல்லிக்கு நேர் வழிக் கட்டணம் வரைக்கும்தான். மும்பை வளைவுக்கு ஆன கூடுதல் செலவு உங்க சொந்தக் கணக்கு.

இதை உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டு போனாங்க. பாரத ஸ்டேட் வங்கி ஊழியர்கள் சிலர் எல்டிசியில வெளிநாட்டையும் சேர்த்துச் சுத்தினாங்க. ஒரு பயணத்தின் வழி டெல்லி, மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மறுபடி கொழும்பு, டெல்லி. "இந்தியாவுக்குள்ள கடைசி ஊர் மதுரை, அதுக்கு ஆகிற கட்டணத்தைத்தானே கொடுத்தோம்" என்பது வங்கியின் வாதம். 2022 நவம்பர் 4ஆம் தேதி தீர்ப்பு வங்கிக்கு எதிரா வந்தது. விலக்கு இந்தியாவுக்குள்ள ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு, அதுவும் குறுகிய வழியில போறதுக்கு. டெல்லியிலிருந்து மதுரைக்குக் குறுகிய வழி சிங்கப்பூர் வழியா போகாது. வரி பிடிக்காம விட்டதுக்கு வங்கியே பொறுப்பாச்சு. அதனாலதான் இப்போ உங்க ஹெச்ஆர் போர்டிங் பாஸ் கேட்டு உயிரை எடுக்கிறாங்க.

கார்ல போனா? ரயில் இருக்கிற ஊர் என்றால், ஏசி முதல் வகுப்பு ரயில் கட்டணம், குறுகிய வழியில, அதுதான் வரம்பு. பெட்ரோல் பில் எவ்வளவு இருந்தாலும் சரி.

இங்க இன்னொரு பழக்கத்தைப் பத்திச் சொல்லணும். மார்ச் மாசம் வந்தா "எல்டிஏ வேஸ்ட் ஆயிடும்" என்று அவசரமா ஃப்ளைட் போடறவங்க. எல்டிஏ எங்கேயும் போகாது, கிளெய்ம் பண்ணலைன்னா சம்பளத்தோட சேர்த்து வரி பிடிச்சுட்டுக் கொடுத்துடுவாங்க. 40,000 ரூபாய் எல்டிஏ, 20 சதவீத வரி வரம்பு, செஸ்ஸோட 20.8 சதவீதம்: மிச்சமாகிற வரி 8,320 ரூபாய். அதுக்காக 40,000 ரூபாய்க்கு டிக்கெட் எடுக்கிறது கணக்கு இல்லை. ஊருக்குப் போகணும் என்று முன்னாடியே இருந்தா மட்டும் கிளெய்ம் பண்ணுங்க.

போகாத பயணத்துக்கு பில் வாங்கிக் கொடுக்கிறவங்களுக்கு ஒரே வரி: பொய்த் தகவல் கொடுத்து வருமானத்தைக் குறைச்சுக் காட்டினா அபராதம் அந்த வரியில 200 சதவீதம், பிரிவு 270ஏ. 8,320க்கு 16,640 அபராதம், வரியும் வட்டியும் தனி. பிஎன்ஆர்ல நீங்க பறந்தீங்களா இல்லையா என்பது பதிவா இருக்கும்.

ஆபீஸ் வேலையா பறக்கிறவங்க, டிக்கெட் போடும்போது கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்க. எகானமி டிக்கெட்டுல 5 சதவீதம், பிசினஸ் வகுப்புல 2025 செப்டம்பர் 22லிருந்து 18 சதவீதம் ஜிஎஸ்டி. உங்க சொந்தப் பேர்ல பில் வந்தா கம்பெனிக்கு அந்த வரவு கிடைக்காது, அக்கவுண்ட்ஸ்ல இருக்கிறவர் உங்க கிளெய்மை மூணு வாரம் இழுத்தடிப்பார்.

அடுத்த மாசம் எனக்கு மறுபடியும் பெங்களூருல ஆடிட். இந்தத் தடவை கிளையண்ட்டோட கிடங்கு தேவனஹள்ளியிலேயே இருக்கு, ஏர்போர்ட்டிலிருந்து இருபது நிமிஷம். அதனால போறது ஃப்ளைட்ல. வேலை முடிஞ்சதும் சிட்டிக்குள்ள அவங்க ஹெட் ஆபீஸுக்குப் போகணும், அங்கிருந்து திரும்பறதுக்கு ரயில் டிக்கெட் போட்டாச்சு. ஜூனியர் ரெண்டு பக்கமும் வந்தே பாரத்தானாம்.